நான் போட்டுக்கொடுத்த விடைகள்

ஆங்கிலத்தில் நான் தவறு செய்யக்கூடும் என்று தருமபுரியில் எவரும் எண்ணாத காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணம் ஊரில் தானாக முளைத்ததல்ல; முளைத்த பிறகு நானும் நீர் ஊற்றினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. காரிமங்கலத்துக்கு அப்பால் மானாவாரி நிலம் உழுத கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. எங்கள் கோயில் பங்கு மக்களில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் நான். படித்ததும் ஆங்கில இலக்கியம். பிறகு தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தேன். பங்குக் குருவானவர் ஆயருக்கு எழுதும் கடிதம், விபத்து நஷ்டஈட்டு மனு, வேலூர் மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டு, எதுவானாலும் என் மேசைக்கு வரும். என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைந்துபோனார்கள். 'இங்கிலீஷ் பி.ஏ. சார்' என்றே சொன்னார்கள். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடிந்ததும், கோயிலை ஒட்டிய பள்ளியின் வகுப்பறை ஒன்றில், வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடுவார்கள். ஐந்தாறு பேர் இருப்பார்கள். எல்லாரும் தமிழ்வழியில் படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள், ஆங்கிலத் தாளைக் கண்டால் முகம் வாடிவிடும். குருவானவர் கேட்டுக்கொண்டதால் நான் போய் அமர்வேன். அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

ஒருவர் காரிமங்கலத்திலிருந்து என்னோடு ஒரே பேருந்தில் வரும் நண்பர். ரேஷன் கடையில் எடையாளர். தேர்வை விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தவர். வாய் சும்மா இருக்காது. இன்னொருவர் இண்டூருக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் பெண். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் தற்காலிக வேலை. எந்த மாதமும் 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று சொல்லிவிடலாம். வங்கித் தேர்வுக்கான வயது வரம்பு அவருக்கு அந்த ஆண்டோடு முடிந்தது. இந்த முறை தேறாவிட்டால் வேலை என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். இதை அவர் எங்களிடம் அழுது சொல்லவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல் ஒருநாள் சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஒரே வழிகாட்டிப் புத்தகம். சேலத்தில் யாரோ பழையதாக வாங்கிவந்தது. அதில் வாக்கியத் திருத்தத்துக்கு நூறு கேள்விகள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பகுதிக்கு அடியில் கோடு. கீழே ஏ, பி, சி, டி என்று நான்கு மாற்றுகள். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைகள் அச்சான கடைசித் தாளை முன்பு அதை வைத்திருந்தவர் கிழித்துக்கொண்டு போயிருந்தார்.

"கதவு இருக்குது, கீ இல்ல. இப்ப எப்படிங்க சார் உள்ள போறது?" என்றார் எடையாளர்.

"கீ எதுக்குங்க? நான் போட்டுத் தர்றேன்" என்றேன்.

அந்தப் பதிலில் இருந்த அலட்சியம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே மாலையில், அலுவலகம் விட்ட பிறகு, நூறு வாக்கியங்களுக்கும் விடை போட்டேன். எனக்கென்று ஒரு முறை இருந்தது. நான்கு மாற்றுகளையும் வாய்விட்டுப் படிப்பேன். எது காதில் கம்பீரமாக ஒலிக்கிறதோ அதைக் குறிப்பேன். விடுதிப் பள்ளியில் பழைய ஆங்கில ஜெபப் புத்தகங்களைக் கேட்டு வளர்ந்த காது அது. கல்லூரியில் செய்யுள் கேட்டுத் தேறிய காது. அதை நம்பலாம் என்றே நம்பினேன். இன்னொன்றையும் இப்போது எழுதிவிடுகிறேன். அதே வங்கித் தேர்வை நான் சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை எழுதித் தோற்றிருந்தேன். காய்ச்சலால் தேர்வுக்கே போகவில்லை என்றுதான் ஊரில் சொல்லியிருந்தேன். அன்று கணக்கு என்னைக் கைவிடவில்லை. ஆங்கிலமே கைவிட்டது. அது எப்படி நிகழ்ந்தது என்று ஆராய்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விடைகளைத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கொடுத்தேன். அதை நடத்தியவரை ஊரே 'மாஸ்டர்' என்றழைக்கும். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். ஸ்டென்சிலில் அடித்து, உருளையில் மை தடவி, பத்துப் பிரதிகள் எடுத்துக்கொடுத்தார். மேலே 'விடைகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. கீழே நூறு எண்கள், நூறு எழுத்துகள், அவற்றின் எதிரே திருத்திய வாக்கியங்கள். யார் போட்ட விடை என்று எங்கும் இல்லை. போடச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பிரதிகள் தயாரானதற்கு முந்தைய ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. வீட்டில் கடலை பிடுங்கும் வேலை. எனவே நான் விடை போட்டுத் தருவதாகச் சொன்னது அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் வந்து தாளைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"கிழிஞ்சுபோன கீ கெடச்சிருச்சுங்களா சார்? எங்கீங்க புடிச்சீங்க?"

எடையாளர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கெடச்சுதும்மா. பாத்துப் படிங்க."

பொய் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். நான் அதை ஒரு சுருக்கமான பதில் என்றே கருதினேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கையால் எழுதியதற்கும் டைப் அடித்ததற்கும் இருந்த வேற்றுமையை நான் அறியாதவனல்ல. கையால் எழுதினால் அது மனு. டைப் அடித்து வந்தால் உத்தரவு. மனுவோடு வாதாடலாம், உத்தரவோடு யாரும் வாதாடுவதில்லை. மற்றவர்களும் இரண்டு வாரத்தில், நான் போட்டது என்பதை மறந்து, அதைப் 'புத்தகத்துக் கீ' என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் அதைப் படித்த விதம் எங்கள் எல்லாருக்கும் பழக்கமான விதம். சிறுவயதில் ஞானோபதேசம் படித்தவர்கள் நாங்கள். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. பொருள் பிறகு புரிந்தால் போதும், முதலில் நாக்கில் ஏறவேண்டும். அதே முறையில் அவர் நூறு வாக்கியங்களையும் ஏற்றினார். எண்ணைச் சொன்னால் வாக்கியம் வரும். "நாப்பத்தி மூணு?" என்று எடையாளர் சீண்டுவார். மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். "பூசையில பதில் சொல்றாப்பல சொல்லுது சார் இந்தப் புள்ள" என்று அவர் வியப்பார். நானும் மகிழ்ந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது அலுவலக வேலையாகச் சேலம் சென்றேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடையில் அதே வழிகாட்டி, அதே பதிப்பு, அடுக்கில் இருந்தது. சும்மா எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினேன். என் பையில் தட்டச்சுத் தாள் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிக்கொண்டு வந்தேன். முதல் பத்தில் ஒன்று மாறியிருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று கடந்தேன். அடுத்த பத்தில் மூன்று.

"நின்னுக்கிட்டே பரீட்சை எழுதறீங்களா சார்? வாங்கறதுன்னா வாங்கிட்டுப் போய் வூட்டுல உக்காந்து பாருங்க" என்றார் கடைக்காரர்.

வாங்கினேன். தருமபுரிக்குத் திரும்பும் பேருந்தில் மீதியை ஒப்பிட்டேன். மொத்தம் பதினேழு. தொப்பூர் மலையேற்றத்தில் பேருந்து முனகிக்கொண்டு ஏறியபோது எனக்கு இன்னொன்று புலப்பட்டது. பெயர்ச்சொல், முன்னிடைச்சொல், ஒருமை பன்மை ஆகிய இடங்களில் என் காது ஓர் இடத்திலும் தவறவில்லை. பதினேழும் வினைச்சொல்லின் காலம். ஒரு செயல் முடிந்ததா, தொடர்கிறதா, இன்னொரு செயலுக்கு முந்தியதா என்று கேட்கும் இடங்களிலெல்லாம் நான் விழுந்திருந்தேன். என்னைத் தோற்கடித்த பழைய தேர்வுக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் சன்னலைத் திறந்துவிட்டார்.

அந்த ஞாயிறு சொல்லிவிடுவதென்றே சென்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த வேளையில் குருவானவர் வாசலில் வந்து நின்றார். "சார் இருக்கறப்ப உங்களுக்கு என்ன கவலை? எங்க ஆயருக்கே இவர் இங்கிலீஷ்தான் புடிக்கும்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் போனதும் வேறு பாடத்தை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் எதிர் வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒப்பித்துக்கொண்டிருப்பது எது என்று எனக்குத் தெரியும். இருபத்தொன்று, இருபத்திரண்டு. இரண்டுமே தவறு.

அந்த வாரம் நான் கண்டுபிடித்த வழியைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும். பதினேழு எண்களையும் சரியான விடைகளையும் ஒரு தாளில் எழுதி, மேலே 'தட்டச்சுப் பிழைகளின் திருத்தம்' என்று தலைப்பிட்டேன். அடுத்த ஞாயிறு அதைக் கரும்பலகையில் எழுதினேன்.

"டைப் அடிச்சதுல சில தவறுகள் வந்துட்டுதுங்க. எல்லாரும் திருத்திக்கங்க."

"மாஸ்டர் விரலுக்கு வயசாயிட்டாப்பல. வெறும் பேப்பர்ல 'ஏ எஸ் டி எஃப்' அடிக்கச் சொல்லிப் பசங்கள மெரட்டறாரே, மனுசன் தான் அடிச்சுப் பாக்க வேணாமா?" என்றார் எடையாளர்.

எல்லாரும் திருத்தினார்கள். அந்தப் பெண் மட்டும் எழுதுகோலைத் திறக்காமல் பலகையையும் தாளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"பதினேழும் டென்ஸ் கேள்வியாவே இருக்குதுங்களே. மாஸ்டருக்கு அந்த எடத்துல மட்டும் விரல் வழுக்குமுங்களா?"

"அப்படி அமைஞ்சுபோச்சும்மா" என்றேன். அவர் தலையைக் குனிந்து திருத்தத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் அழித்து எழுத அவருக்கு நீண்ட நேரம் பிடித்தது. மனப்பாடமாக ஏறியதை நாக்கிலிருந்து இறக்குவது எளிதன்று. அன்று பிற்பகல் எடையாளர் எண்ணைச் சொன்னபோது, பழைய வாக்கியமும் புதிய வாக்கியமும் கலந்து, இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. எடையாளர்கூடச் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மாஸ்டர் என் அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. எடையாளர் தெருவில் அவரைக் கண்டு, "என்ன மாஸ்டர், ஒரே தாள்ல பதினேழாமே?" என்று கேட்டுவிட்டிருக்கிறார். மாஸ்டர் என் மேசைக்கு முன்னால், மற்ற எழுத்தர்களுக்குத் தம் முதுகைக் காட்டி நின்றார். துணிப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன் வைத்தார். நடுவில் கம்பி குத்திய துளை. அவருடைய நிலையத்தில் ஸ்டென்சில் அடித்துக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் பிரதியை ஓராண்டு கம்பியில் குத்தி வைத்திருப்பது வழக்கமாம். அன்றுதான் அறிந்தேன்.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே சார்?"

"ஆமாங்க."

"நீங்க எழுதினத நான் ஒரு புள்ளி மாத்தலீங்க. பக்கத்துக்கு ஒரு தப்பு வந்தாலே ஸ்டென்சிலக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி அடிக்கறவன் நான். எங்கிட்டப் படிக்க நாப்பது புள்ளைங்க வருதுங்க."

குரல் உயரவே இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் ஏதோ மனு எழுதவந்தவர் என்று எண்ணியிருப்பார்கள். நான் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம நீங்களே சொல்லிருங்க சார். நான் அங்க வந்து சொன்னா உங்களுக்கு நல்லா இருக்காது."

தாள்களை என்னிடமே விட்டுவிட்டு வெளியேறினார். அவற்றை அவர் எடுத்துப் போயிருந்தால் நான் அவரை அஞ்சியிருப்பேன். விட்டுச் சென்றதால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். மாலையில் திறந்து இருக்கிறதா என்று பார்த்தேன். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் அப்படியே பார்த்தேன். சனிக்கிழமை பேருந்தில் எடையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. என் பெயர் போவதை விட, தேர்வுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது என்பதே முன்னால் நின்றது என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டும் மாறிமாறி நின்றன.

ஞாயிறு வகுப்பறையில் நின்றபடியே சொன்னேன். கீ புத்தகத்திலிருந்து வந்ததல்ல, நான் போட்டது. பிழைகள் மாஸ்டருடையவை அல்ல, என்னுடையவை. அவற்றை மறைக்க அவர்மேல் பழி போட்டேன். மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது. ஐந்து நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

முதலில் பேசியவர் எடையாளர். "நீங்க போட்டதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தப்புன்னுதான் தெரியாது."

அந்தப் பெண் எழுந்து நின்றார்.

"ஒரு மாசமுங்க சார். மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பகூட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். கெடச்சுதான்னு நான் கேட்டப்பவே நீங்க போட்டதுன்னு சொல்லியிருந்தா, நடுவுல ஒரு சந்தேகத்தையாவது வெச்சுப் படிச்சிருப்பேன். எனக்கு இன்னொரு தடவ கெடையாதுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் ஏற்றதாகவும் மறுத்ததாகவும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து என் முன் இருந்த பெஞ்சின்மேல் வைத்தார்.

"இனிமே ஏ, பி, சி எல்லாம் வேணாங்க. எதனாலன்னு சொல்லுங்க."

முதல் வாக்கியத்தை எடுத்தேன். 'அவர் நேற்று வந்தார்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கேம்' என்பது சரி. 'ஹாஸ் கம்' தவறு. நான் 'ஹாஸ் கம்' என்று குறித்திருந்தேன். ஏன் என்று கேட்டார். அது காதுக்கு நன்றாக இருந்தது என்றேன்.

"காதுக்கு நல்லா இருக்குதுன்னா அது ரேடியோ சார்" என்றார் எடையாளர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்லூரிப் பட்டத்தோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றுதான் முதன்முறையாக ஒரு வாக்கியத்தைக் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்றால் குற்றமில்லை. நாம் காணாத வருகையை, அதன் அடையாளத்தைக் கண்டு, அப்படித்தான் சொல்கிறோம். அந்தப் பழக்கமே என் காதில் உட்கார்ந்து, 'ஹாஸ் கம்' என்பதற்கு ஒரு மரியாதையைக் கொடுத்திருந்தது. ஆங்கிலமோ நேற்று என்று நாளைக் குறித்த உடனே கதவைச் சாத்திவிடுகிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை இன்றோடு முடிச்சுப் போட அது அனுமதிப்பதில்லை. இதை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது அந்தப் பெண் குறித்துக்கொண்டார்.

அடுத்தது ரயில் நிலைய வாக்கியம். நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட்டிருந்தது என்பது பொருள். இதில் அவரே முந்தினார்.

"இருங்க சார். ரெண்டு காரியம் நடந்திருக்குது. எது முந்தி?"

"ரயில் போனது முந்தி."

"எங்க இண்டூரு பஸ்சாட்டம். நான் ரோட்டுக்கு வர்றேன், அதுக்கு முந்தியே பஸ்சு போயிருந்துச்சு. நான் வந்தது சும்மா 'வந்தேன்'. முந்திப் போனதுக்குத்தான் ஒரு அடையாளம் போடணும். 'ஹேட்' போடறது அதுக்குத்தானுங்களா?"

"அதுக்குத்தான்."

"அப்ப முந்தி எது, பிந்தி எதுன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டாப் போதுமில்லீங்களா?"

போதும். நூல்கள் பல பக்கங்களில் சொல்வது அவ்வளவுதான். கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தக் கோட்டின்மேல் எது எங்கே நடந்தது என்று புள்ளி வைத்தோம். இன்னும் முடியாதது, முடிந்து இன்றுவரை நீள்வது, முடிந்தே போனது. மதிய உணவுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. எடையாளர் வெளியே போய் வேர்க்கடலை வாங்கிவந்து பெஞ்சில் கொட்டினார்.

மாலைப் பேருந்துக்கு நேரமானபோது பதினேழில் பதினொன்றுக்குக் காரணம் கண்டிருந்தோம். ஆறுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. "சேலத்துல நான் வாங்கின புத்தகத்துல இருக்கற விடைய அப்படியே எழுதிக்கங்கம்மா, சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"வேணாங்க" என்றார். அந்த ஆறையும் தாளிலிருந்து கோடு போட்டு அடித்தார்.

தேர்வு சேலத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் சென்றேன். மதில் ஓரம் புளியமரத்தடியில் பெற்றோர்களோடு நின்றேன். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும், இப்போது ஆங்கிலத் தாள் வந்திருக்கும், இப்போது அந்தப் பகுதியைத் திருப்பியிருப்பார் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதியபோதுகூட நெஞ்சு அவ்வளவு அடித்துக்கொள்ளவில்லை. கூட்டம் வெளியே வந்தது. எடையாளர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். அவர் பின்னால் அந்தப் பெண் வந்தார்.

"டென்ஸ் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. தெரிஞ்சத எழுதினேன். தெரியாதத வுட்டுட்டேன்."

"எத்தன வுட்டீங்க?"

"பஸ்சுக்கு நேரமாச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு அவர் ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. முடிவு வெளியாகப் பல மாதங்கள் ஆயின. நேர்முகத் தேர்வுக்கு அவருக்கு அழைப்பு வந்தது என்று கேள்விப்பட்டேன். போய்வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு நேரே எதுவும் தெரியவில்லை. அலுவலகத்தில் தபால்காரர் வந்தால், எனக்கு வரவேண்டிய கடிதம் ஏதோ தவறிவிட்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பேன். மாஸ்டரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் அவர் நிலையம் இருந்த தெருவைத் தவிர்த்து, அடுத்த தெரு வழியாகப் பேருந்து நிலையம் போனேன்.

ஒரு மாலை பேருந்து நிலையத்தில் எடையாளர் ஓடிவந்தார்.

"சார், தெரியுமா? இண்டூருப் புள்ளைக்கு ஆர்டர் வந்திருச்சு! பேங்குல வேல! எனக்குத்தான் கடைசிவரைக்கும் தராசு."

"யார் சொன்னது?"

"மாஸ்டர்தான். லெட்டர் முழுக்க இங்கிலீஷாம். எங்க சேரணும், என்னிக்குள்ள சேரணும், என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்னு ஒரே சட்டமா இருந்துச்சாம். அவருகிட்டத்தான் எடுத்துட்டு வந்து காட்டியிருக்குது. பதிலும் அவரே அடிச்சுக் குடுத்தாராம்."

நல்லது என்றேன். மகிழ்ச்சி என்றேன். இரண்டும் உண்மை. தருமபுரியில் ஆங்கிலக் கடிதம் ஒன்று வந்து, அதைப் படிக்க என்னைத் தாண்டி இன்னொருவரிடம் போனார்கள் என்பதையும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டேன். காரிமங்கலம் வரை எடையாளர் பேசிக்கொண்டே வந்தார். பதில் கடிதத்தில் காலங்களெல்லாம் சரியாக இருந்திருக்குமா என்ற வேண்டாத எண்ணம் ஒன்று எனக்கு ஓடியது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

மறுநாள் நிலையத்துப் படியேறினேன். உள்ளே வரிசையாகப் பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் எழுந்து நின்று வணங்கினார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இயந்திரங்களின் சத்தத்தில் இருமுறை சொல்ல நேர்ந்தது. அவர், "பரவால்லீங்க சார், அப்பவே முடிஞ்சுதுங்க" என்றார். போகத் திரும்பியவன் நின்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஆர்டர் வந்துதாமே. எந்த ஊர்ல போட்டிருக்காங்க?"

மாஸ்டர் ஒரு மாணவியின் தாளைக் கையில் எடுத்து, அதில் ஓர் எழுத்தைச் சுற்றி வட்டமிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கடுமை ஏதும் இல்லை.

"அது அவங்க கடுதாசிங்க சார். அவங்களயே கேட்டுக்கங்க."